ஒளித்துகள் தொலையாமல் ஓட

ஒளித்துகள்களை வைத்துக் குவாண்டம் கணக்குப் போட முயன்றவர்களின் ஆய்வகத்தில் ஒரு காலத்தில் மேசை நிறையக் கண்ணாடிகளும் லென்சுகளும் திருகுகளும்தான் இருக்கும். அறையின் வெப்பம் லேசாக மாறினாலே பாதைகளின் நீளம் நானோமீட்டர் கணக்கில் நகர்ந்து, அளவீடு குலைந்துவிடும். 2008-இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் ஆல்பெர்ட்டோ பொலிட்டியும் ஜெரமி ஓ'பிரையனும் அடங்கிய குழு அந்த வேலையைச் சில்லுக்குள் கொண்டுவந்தது. சிலிக்கான் தகட்டின் மேல் சிலிக்கா கண்ணாடி; அதற்குள் சில மைக்ரோமீட்டர் அகலமுள்ள ஒளித்தடங்கள்.

மேசையில் ஒளியைப் பிரிக்கப் பாதி பூசிய கண்ணாடி வேண்டும். சில்லில் இரண்டு தடங்களைச் சிறிது தூரம் நெருக்கமாக ஓடவிட்டாலே போதும். ஒன்றின் ஒளி மற்றதற்குத் தாவும். எவ்வளவு தாவும் என்பதை நெருங்கி ஓடும் நீளமும் இடைவெளியும் முடிவு செய்கின்றன.

புதுச் சில்லு கைக்கு வந்தால் செய்யும் சோதனை ஒன்று உண்டு. சற்றும் வேறுபடாத இரண்டு ஒளித்துகள்களை, அதாவது ஃபோட்டான்களை, இரு தடங்களில் ஒரே நேரத்தில் அனுப்புவார்கள். சரிபாதியாகப் பிரிக்கும் இடத்தில் அவை சந்தித்தால் இரண்டும் சேர்ந்து ஒரே தடத்தில் வெளியேறும். 1987-இல் ஹாங், ஓ, மாண்டெல் ஆகிய மூவரும் காட்டிய விளைவு இது. ஒரு ஃபோட்டானின் தாமதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற, இரு தடங்களின் முனையிலும் உள்ள ஒளியுணரிகள் ஒன்றாகப் பதிவு செய்யும் எண்ணிக்கை திரையில் சரிந்து பள்ளமாகும். பள்ளம் ஆழமாக இருந்தால் சில்லை நம்பலாம். பிரிஸ்டல் சில்லில் அந்த ஆழம் கிட்டத்தட்ட 95 சதவீதம்.

ஆனால் நாளின் பெரும்பகுதி சில்லின் விளிம்பில், ஒளியைக் கொண்டுவரும் இழையைத் தடத்தோடு பொருத்துவதில்தான் கழிகிறது.

தொலைத்தொடர்பு ஒளியிழையின் உள்தண்டு சுமார் 9 மைக்ரோமீட்டர். பின்னர் வந்த, சிலிக்கானிலேயே செய்த தடமோ அரை மைக்ரோமீட்டர் அகலம், 220 நானோமீட்டர் உயரம். இரண்டையும் பொருத்த, நுண்திருகு மேடையில் இழையை வைத்து, முதலில் சாதாரண லேசரைச் செலுத்தி, மீட்டரைப் பார்த்தபடி பக்கவாட்டிலும் மேலும் கீழும் கோணத்திலும் நகர்த்துகிறார்கள். ஒளி உச்சத்தைத் தொட்டதும் பசையிட்டுப் புறஊதா ஒளியால் இறுக்குகிறார்கள். பசை இறுகும்போது சுருங்கும். அந்தச் சுருக்கமே இழையை இழுத்துவிடும். அதையும் முன்கூட்டிக் கணக்கில் எடுக்க வேண்டும்.

இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம் இருக்கிறது. வழக்கமான இணையத் தடத்தில் ஒளி மங்கினால் பெருக்கி வைக்கலாம். ஒற்றை ஃபோட்டானின் குவாண்டம் நிலையைப் பிரதியெடுக்க இயற்கை விடுவதில்லை, போனது போனதுதான். உள்ளே நுழையும்போது பாதி, வெளியேறும்போது பாதி இழந்தால் நான்கில் ஒன்றே மிஞ்சும். நான்கு ஃபோட்டான்களை அனுப்பினால் அத்தனையும் ஒன்றாகத் தப்பிவரும் வாய்ப்பு 256-இல் ஒன்று.

இதற்கிடையே சில்லுகள் பெருத்துவிட்டன. 2015-இல் பிரிஸ்டல் குழு ஆறு தடங்களும் 30 நுண்சூடேற்றிகளும் கொண்ட சில்லை வெளியிட்டது. சூடேற்றிகளின் மின்னோட்டத்தை மாற்றினால் தடங்களில் ஒளியின் கட்டம் மாறி அதே சில்லு வேறொரு சுற்றாகிவிடும். 2018-இல் வந்த சிலிக்கான் சில்லில் 550-க்கும் மேற்பட்ட உறுப்புகள். ஃபோட்டான் இணைகளும் உள்ளேயே பிறந்ததால் நுழைவிழப்பு தவிர்ந்தது.

அடுத்து உணரிகளையும் அதே சில்லில் ஏற்றப் பார்க்கிறார்கள். மீக்கடத்தி நானோகம்பி உணரிகளுக்குச் சில கெல்வின் குளிர் தேவை. சூடேற்றிகளோ அந்தக் குளிரைக் கெடுக்கும். அதனால்தான் வெப்பமின்றி மின்புலத்தாலேயே ஒளியின் கட்டத்தை மாற்றும் லித்தியம் நியோபேட், பேரியம் டைட்டனேட் படலங்களின் மேல் இப்போது இத்தனை பேர் உழைக்கிறார்கள்.