சீனக்குடாவின் எரிந்த குதம்

திருக்கோணமலைக்குச் செல்வோர் கோணேசர் ஆலயத்தையும், சம்பந்தர் பதிகம் பெற்ற அந்த மலைமுனையையும், பதினேழாம் நூற்றாண்டில் பழைய கோயிலை இடித்துவிட்டுப் போர்த்துக்கேயர் எழுப்பிய கோட்டையையும் தரிசித்துத் திரும்பிவிடுகின்றனர். துறைமுகத்துக்கு அப்பால், சீனக்குடாவின் காட்டுக்குள் மறைந்து நிற்கும் எண்ணெய்க் குதங்களைத் தேடிச் செல்வோர் மிகச் சிலரே. குருவிகுளத்துக் கரிசல் மண்ணில் பிறந்து, வளர்ந்த பின்னரே கடலைக் கண்ட என்னை அங்கே மீண்டும் மீண்டும் இழுப்பது, 1942 ஏப்ரல் 9ஆம் நாள் எரிந்தழிந்த ஒரு குதம்.

இரண்டாம் உலகப் போரில் அந்நாளுக்கு இட்டுச்சென்ற வரலாற்றைச் சுருங்கச் சொல்லிவிடலாம். பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய ஜப்பானிய அட்மிரல் நகுமோ, ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களுடன் இந்துமகா சமுத்திரத்துள் நுழைந்து, ஏப்ரல் 5ஆம் நாள், ஈஸ்டர் ஞாயிறன்று, கொழும்பைத் தாக்கினார். டோர்செட்ஷயர், கார்ன்வால் என்னும் இரு பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் அன்றே நடுக்கடலில் மூழ்க, 424 பேர் மாண்டனர். இதனை இரண்டாவது பேர்ள் துறைமுகம் என்று எழுதும் ஆசிரியர்களோடு என்னால் உடன்பட இயலவில்லை. தாக்குதல் வருமென்று பிரிட்டிஷ் அட்மிரல் சோமர்வில் முன்னரே அறிந்து, மாதத் தொடக்கத்தில் இலங்கைக்குத் தெற்கே காத்திருந்தார். எதிரி வரக் காணாமல், எண்ணெயும் நீரும் குறைந்துவிட்டமையால், மாலத்தீவுகளின் அட்டு பவளத்தீவுக்குத் திரும்பிய பின்னரே, கனடிய விமானி பேர்ச்சாலின் எச்சரிக்கை, ஏப்ரல் 4ஆம் நாள் கடலின் மேலிருந்து வந்தது. அறியாமை அன்று, காத்திருந்து சலித்ததே அந்த அதிர்ச்சிக்கு வழிவிட்டது என்பது என் துணிபு.

கொழும்பு தாக்கப்பட்டு நான்கு நாள் கழித்துத் திருக்கோணமலையின் முறை வந்தது. முந்திய இரவே துறைமுகத்தைவிட்டு அனுப்பப்பட்டிருந்த பிரிட்டிஷ் கப்பல் ஹெர்மிஸ், விமானந்தாங்கியாக இருந்தும் தன் தளத்தில் ஒரு விமானமும் இன்றி, மட்டக்களப்புக்கு அப்பால் சிக்கிக்கொண்டது; 307 பேரோடு அது அமிழ்ந்த இடத்தில் இன்று ஆழ்கடல் மூழ்குவோர் இறங்கிப் பார்த்து வருகின்றனர்.

அன்று காலையிலேதான் ஜப்பானிய விமானம் ஒன்று சீனக்குடாவின் குதமொன்றின்மேல் வீழ்ந்தது. எரிந்த எண்ணெய் நாட்கணக்கில் அணையவில்லை. அந்தத் தீயின் வெம்மையில் இளகிய எஃகுத் தகடுகள், வெயிலில் வாடிய வாழையிலைபோல் உள்நோக்கி மடிந்து, மடிந்தபடியே இறுகி, செந்துருவேறி நிற்கின்றன. தெற்குப் பக்கத்தில், தகடு தரையைத் தொடுமிடத்தில் நின்று பார்த்தால், ஆளுயரத்துக்கு மேலே சுருண்டிருக்கும் எஃகின் ஒவ்வொரு மடிப்பிலும், வெப்பம் எத்திசையிலிருந்து வந்து எங்கே தணிந்தது என்பதைக் கண்ணாலேயே தொடர்ந்து செல்லலாம். எந்தச் சிற்பத்தின் முன்னும் நான் இத்தனை நேரம் நின்றதில்லை.

விமானி தன் உயிரை ஈந்து வேண்டுமென்றே பாய்ந்தான் என்பது ஐதிகம். உயிர்த்தியாகத் தாக்குதலை ஜப்பானியர் ஒரு படைமுறையாக வகுத்தது 1944 அக்டோபரில், பிலிப்பைன்ஸில். அதற்கு இரண்டரை ஆண்டு முன்னர் நடந்ததை அந்தக் கண்கொண்டு பார்ப்பது பொருந்தாது. அடிபட்டு, திரும்பிச் செல்ல வழியற்று வீழ்ந்த விமானமாகவும் அது இருக்கலாம். ஆயினும் அதில் வந்து மாண்டவர்களைப் பற்றி அவ்வூரார் பகைமையின்றி, இரக்கத்தோடே பேசுவதைக் கேட்டிருக்கிறேன்.

என் மனத்துக்கு எரிச்சலூட்டுவது வேறு. எஞ்சிய 99 குதங்களை எவருக்குக் குத்தகை விடுவது என்பதில் இலங்கையும் இந்தியாவும் பல ஆண்டுகள் வாதாடி, 2022இல் இந்திய நிறுவனத்துக்கு 14, இலங்கை நிறுவனத்துக்கு 24, இரண்டுக்கும் கூட்டாக 61 என்று பங்கிட்டு ஒப்பந்தமும் செய்துகொண்டன. விலையற்றதாகிவிட்ட இந்த ஒன்றோ, அந்தக் கணக்குக்கு வெளியே, மரவேர் தகட்டைப் பிளக்க, மழை அதன் அடியை அரிக்க, ஆண்டுதோறும் சிறிது சிறிதாகச் சரிந்துகொண்டிருக்கிறது. துருவைத் தடுக்கும் வழி அறிந்த பொறியாளர் அருகிலேயே துறைமுகத்தில் இருக்கின்றனர். கடலில் இறந்த பிரிட்டிஷ் மாலுமிகளின் பெயர்கள் இங்கிலாந்தின் நினைவுத்தூண்களில் பொறிக்கப்பட்டுள்ளன. அதே நாட்களில் குண்டுக்கு அஞ்சி ஊரைவிட்டு ஓடிய தமிழ், சிங்கள, முஸ்லிம் குடும்பங்களின் வாய்மொழியைத் தொகுத்து வைக்க ஒரு சிறு கட்டடமாவது இக்குதத்தின் அருகே எழவேண்டும். அந்த நாளைக் குழந்தைகளாய்க் கண்டவர்களுள் மிகச் சிலரே இப்போது மிஞ்சியிருப்பர்.