கட்டணச் சீட்டில் ஒரு கழித்தல் குறி

தோ பாயோவில் ஒரு மூவறை வீடு. பயனீட்டுக் கட்டணச் சீட்டு வந்ததும் பாட்டி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேசை அருகில் அமர்ந்தார். உயர்நிலை இரண்டில் படிக்கும் பேத்தியையும் அழைத்தார்.

“தண்ணீருக்கு மட்டும் எவ்வளவு என்று பார், கண்ணு.”

“14 கன மீட்டர் பயன்படுத்தியிருக்கிறோம், பாட்டி. ஒரு கன மீட்டருக்கு 3 வெள்ளி 24 காசு. மொத்தம் 45 வெள்ளி 36 காசு. பொருள் சேவை வரி தனி.”

“குழாய்த் தண்ணீருக்கா இவ்வளவு?” என்று பாட்டி முணுமுணுத்தார். ஆனாலும் அவருக்குத் தண்ணீரின் அருமை தெரியும். 1963 ஏப்ரல் முதல் 1964 பிப்ரவரி வரை, ஏறத்தாழ பத்து மாதங்கள், சிங்கப்பூரில் தண்ணீர்ப் பங்கீடு நடைமுறையில் இருந்தது. அப்போது பாட்டிக்கு எட்டு வயது. பொதுக் குழாயடியில் வாளியோடு வரிசையில் நின்றவர் அவர். காசு இருந்தாலும் குழாய் திறக்கப்படும் நேரம்வரை காத்திருக்க வேண்டிய காலம் அது.

பேத்தி கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஒரு கன மீட்டர் என்பது 1,000 லிட்டர். கடையில் விற்கும் அரை லிட்டர் போத்தலில் நிரப்பினால் 2,000 போத்தல்கள். ஒரு லிட்டரின் விலை ஒரு காசில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான்! அப்படியிருந்தும், மாதக் கடைசியில் 45 வெள்ளி என்பது சில குடும்பங்களுக்குப் பெரிய தொகையே.

சிங்கப்பூருக்கு நான்கு வழிகளில் தண்ணீர் கிடைக்கிறது: உள்ளூர் நீர்ப்பிடிப்புப் பகுதிகள், ஜொகூரிலிருந்து வாங்கும் நீர், நியூவாட்டர், உப்பு நீக்கப்பட்ட கடல்நீர். 1962ஆம் ஆண்டு ஒப்பந்தம் 2061இல் முடிவடையும். நியூவாட்டரும் கடல்நீரும் மழையை நம்பியிருப்பவை அல்ல. ஆனால் கடல்நீரிலிருந்து உப்பை நீக்க நிறைய மின்சாரம் வேண்டும். அந்தச் செலவும் விலையில் சேர்கிறது.

2000ஆம் ஆண்டுக்குப் பிறகு 17 ஆண்டுகள் தண்ணீர் விலை மாறவே இல்லை. பின்னர் 2017, 2018 ஆகிய ஈராண்டுகளில் 30 விழுக்காடு ஏறியது. 2024இலும் 2025இலும் மீண்டும் உயர்ந்தது. நெடுங்காலம் அசையாமல் இருந்த விலை திடீரென ஏறும்போது மக்கள் திகைப்பது இயல்புதான்.

அப்படியானால், வசதி குறைந்தவர்களுக்கு மட்டும் மலிவு விலையில் தண்ணீர் கொடுத்துவிடலாமே? பொதுப் பயனீட்டுக் கழகம் அப்படிச் செய்வதில்லை. ஓரறை வீட்டில் இருப்பவருக்கும் பங்களாவில் இருப்பவருக்கும் ஒரே விலைதான். மாதம் 40 கன மீட்டரைத் தாண்டினால் மட்டும், தாண்டிய அளவுக்கு விலை கூடும். தண்ணீர் சேமிப்பு வரியும் 1991 முதல் இருந்து வருகிறது. விலை குறைவாக இருந்தால் குழாய் ஒழுகுவதைக்கூட யாரும் கவனிக்கமாட்டார்கள் என்பதே இதன் பின்னாலுள்ள எண்ணம்.

உதவி வேறு வழியில் வருகிறது. அரசாங்கம் வழங்கும் யூ-சேவ் கட்டணக் கழிவு, தகுதிபெறும் வீவக குடும்பங்களின் பயனீட்டுக் கணக்கில் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை சேர்க்கப்படுகிறது. 2017இல் தண்ணீர் விலையோடு இந்தக் கழிவும் உயர்த்தப்பட்டது. ஓரறை, ஈரறை வீடுகளுக்கு ஆண்டுக்கு 380 வெள்ளி, மூவறை வீடுகளுக்கு 340 வெள்ளி என்று ஆனது. வீடு பெரிதாகப் பெரிதாகக் கழிவு குறையும். மூவறை வீட்டில் ஒருவர் தனியாகவும் வாழலாம், அறுவர் நெருக்கியடித்துக்கொண்டும் வாழலாம். வீட்டின் அளவை வைத்துத் தேவையை அளப்பது எளிது. ஆனால் எப்போதும் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

“பாட்டி, இங்கே பாருங்கள். இந்தத் தொகைக்கு முன்னால் கழித்தல் குறி இருக்கிறது. இதுதான் நமக்குக் கிடைத்த கழிவு.”

பாட்டி சீட்டைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். இத்தனை மாதங்களாக அவர் கடைசி வரியில் இருக்கும் தொகையை மட்டுமே பார்த்துவந்திருந்தார்.

“அப்படியென்றால் அடுத்த மாதம்?”

“அடுத்த மாதம் கழிவு வராது, பாட்டி. மூன்று மாதம் ஆக வேண்டும்.”

பாட்டி எழுந்து குளியலறைக்குப் போனார். நேற்றிலிருந்து சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கிப் பார்த்தார். சொட்டு நிற்கவில்லை. “உன் அப்பா வேலை முடிந்து வந்ததும் முதலில் இதைச் சரிசெய்யச் சொல்,” என்றபடி குழாய்க்கு அடியில் ஒரு வாளியை வைத்தார்.