பனி பார்க்கப் போன கதை

பனியைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. என் மனைவிக்கு நாற்பது வருஷமாக இருந்தது. "கண்ணை மூடுவதற்குள் ஒரு தடவை" என்று அவள் சொல்ல ஆரம்பித்த பிறகு தட்டிக் கழிக்க முடியவில்லை. 2024-ஆம் வருஷம் ஜனவரி முதல் வாரத்தில் குல்மார்க்குக்குக் கிளம்பினோம்.

ஸ்ரீநகரிலிருந்து ஏறக்குறைய 50 கிலோ மீட்டர். தங்மார்க் என்ற ஊரில் காரை நிறுத்தி, வாடகைக்கு ரப்பர் பூட்ஸும் கம்பளிக் கோட்டும் கொடுத்தார்கள். எனக்கு வாய்த்த கோட்டுக்குள் இன்னொரு எழுத்தாளருக்கும் இடம் இருந்தது. அங்கிருந்து 13 கிலோ மீட்டர் மலைப்பாதை. குல்மார்க் சுமார் 8,700 அடி உயரத்தில் இருக்கிறது. ஊட்டியைவிட ஆயிரத்துச் சொச்சம் அடி அதிகம்.

இறங்கிப் பார்த்தால், பனியைக் காணோம்!

படத்தில் பால் கொட்டியதுபோல் பார்த்திருந்த மைதானம் வைக்கோல் நிறத்தில் காய்ந்து கிடந்தது. 1927-ல் வெள்ளைக்காரப் பட்டாள அதிகாரிகள் பனிச்சறுக்குச் சங்கம் அமைத்த ஊர் இது. கடை வாசல்களில் சறுக்குக் கட்டைகள் சுவரில் சாய்ந்து நின்றன, கல்யாணம் நின்றுபோன வீட்டு வாழைமரம் மாதிரி. என் மனைவி ஒன்றும் பேசவில்லை. பூட்ஸைக் குனிந்து பார்த்துக்கொண்டாள்.

அப்போதுதான் அந்தப் பெரியவர் வந்தார். என் வயதுதான் இருக்கும், எழுபதைத் தாண்டியவர். முழங்காலுக்குக் கீழே தொங்கும் பிரன் அங்கி. அதற்குள்ளே கூடை பின்னிய கணப்புச் சட்டியை அணைத்துப் பிடித்திருந்தார். தோளில் ஒரு கயிறு. கயிற்றின் முனையில் மரத்தால் செய்த சிறிய சறுக்கு வண்டி. ஆளை அதில் உட்கார வைத்து மேட்டுக்கு இழுத்துப் போய், சரிவில் சறுக்கிக் கொண்டுவருவது அங்கே ஒரு தொழில்.

"வாருங்கள் ஸாஹிப், உட்காருங்கள்" என்றார்.

"மனிதனை மனிதன் இழுக்கும் வண்டியில் நான் ஏறுவதில்லை" என்று என் மனைவியைச் சொல்லச் சொன்னேன். அவளுக்குத்தான் ஹிந்தி வரும். இது என்னுடைய பழைய வைராக்கியம். தமிழ்நாட்டில் 1973-ல் கை ரிக்ஷாவை ஒழித்தபோது கைதட்டிய மாணவர்களில் நானும் ஒருவன். ரிக்ஷாக்காரர் ஒருவரைக் கதாநாயகராக வைத்துக் கதை எழுதிச் சன்மானமும் வாங்கியிருக்கிறேன்.

அவள் எப்படி மொழிபெயர்த்தாளோ, தெரியாது. பெரியவர் சிரித்துவிட்டு, எங்கள் கூடவே நடக்க ஆரம்பித்தார். அவள் அவரை 'சாச்சா' என்று கூப்பிட்டாள், பேச்சு வளர்ந்தது.

டிசம்பர் 21-ல் தொடங்கும் நாற்பது நாள் கடுங்குளிருக்கு அங்கே 'சில்லை கலான்' என்று பெயர். அந்த நாட்களில் விழும் பனிதான் இறுகி நிலைக்குமாம். வெயில் காலத்தில் ஓடைகளில் ஓடுவதும் ஆப்பிள் மரங்களின் வேருக்குப் போவதும் அந்தப் பனிதான். மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் காற்றுச் சுழற்சிகள் கொண்டுவர வேண்டிய சரக்கு அது. அந்த வருஷம் அவை ஏமாற்றிவிட்டன. நாற்பதில் பாதி நாள் கழிந்துவிட்டிருந்தது. சாச்சா பேச்சுக்கு நடுவில் அடிக்கடி அண்ணாந்து பார்த்தார். மேகம் இல்லாத, மிக அழகான நீலவானம். மழை பொய்த்த கரிசல் காட்டில் அந்த முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

பிரியும்போது முந்நூறு ரூபாயை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"எதற்கு?" என்றார்.

"கூட வந்தீர்களே!"

"நடப்பதற்குக் கூலி கிடையாது, ஸாஹிப். வண்டி இழுத்தால்தான் கூலி."

நான் திகைத்து நின்றேன். என் மனைவி என்னைத் தனியே அழைத்து, "உங்கள் கொள்கைக்காக அவர் பிச்சை வாங்க வேண்டுமா?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். அந்த ரிக்ஷாக்காரர் கதைக்கு வாங்கிய சன்மானம் சட்டென்று நினைவுக்கு வந்தது. அதுவும் அவர் இழுக்க நான் உட்கார்ந்து போன சவாரிதானே?

மர நிழலில், வெயில் படாத ஓர் இடத்தில், பாய் அகலத்துக்குப் பழைய பனி உறைந்து கிடந்தது. சாச்சா அங்கே வண்டியைக் கொண்டுபோய் வைத்தார். நான் உட்கார்ந்தேன். கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் குனிந்தார். அவர் மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டேன். இருபது கஜம் போவதற்குள் வண்டி கல்லில் இடித்தது. வாடகைக் கோட்டோடு நான் உருண்டேன். சாச்சா கயிற்றைப் போட்டுவிட்டு ஓடி வந்து தூக்கினார். பிறகு இருவரும் சிரித்தோம். என் மனைவி அந்த அழுக்குப் பனியில் ஒரு பிடி அள்ளி, உருகும் வரையில் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். பணத்தை அவர் எண்ணிப் பார்த்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

சென்னைக்குத் திரும்பிய பிறகு தினமும் பத்திரிகையில் முதலில் காஷ்மீர் வானிலையைத் தேடினேன். ஜனவரி கடைசி நாட்களில், அந்த நாற்பது நாள் முடியும் தறுவாயில், குல்மார்க்கில் பனி கொட்டுகிறது என்று செய்தி வந்தது. சமையலறைக்குப் போய் வாசித்துக் காட்டினேன்.

"சாச்சா இந்நேரம் யாரையாவது இழுத்துக்கொண்டிருப்பார்" என்றாள் அவள்.

"இருப்பார்" என்றேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு கிழவர் இன்னொரு மனிதரை மேட்டில் இழுத்துப் போவதை நினைத்து நான் சந்தோஷப்படுவேன் என்று 1973-ல் யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். இப்போதும் அது சரியென்று சொல்லமாட்டேன். ஆனாலும் மறுநாள் காலையிலும் முதலில் அந்த ஊர் வானிலையைத்தான் பார்த்தேன்.