கப்பலூர்ச் சாலையில் ஒரு கொத்துத் திராட்சை

மதுரையிலிருந்து திருமங்கலம் செல்லும் பெருவழியில் உள்ளது கப்பலூர். கருமுத்து தியாகராசச் செட்டியார் 1936-இல் நிறுவிய நூற்பாலையும், பின்னர் எழுந்த தொழிற்பேட்டையும், சுங்கச்சாவடியும் இவ்வூரின் அடையாளங்கள்.

அங்கே ஒரு மாலையில் பேருந்துக்காகக் காத்து நின்றோம். சாலையோரத்தில் ஓர் அம்மாள் கம்பம் பன்னீர்த் திராட்சை விற்றுக்கொண்டிருந்தார். 1832-இல் பிரெஞ்சுக் குருவானவர் ஒருவர் தமிழகத்திற்குக் கொணர்ந்ததாகக் கூறப்படும் இக்கனி, 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. ஒரே கொத்திலிருந்து ஆளுக்கொன்று சுவைத்தோம். “தேன்” என்றார் ஒருவர். “புளிப்பு” என்றார் மற்றவர். மகன் கணக்கில் குறைந்த மதிப்பெண் பெற்றதனால் வழிநெடுக முகம் வாடியிருந்த நண்பரோ ஒன்றும் கூறவில்லை.

மேனாட்டார் திராட்சை இரசத்திற்கும் மதிப்பெண் இடுகின்றனர். அமெரிக்கரான ராபர்ட் பார்க்கர் 1978-இல் தொடங்கிய இதழின் வாயிலாக நூறு மதிப்பெண் முறை பரவியது. அதில் எந்த இரசத்திற்கும் 50 முதலிலேயே உண்டு. நிறத்திற்கு 5, மணத்திற்கு 15, சுவைக்கு 20, மொத்தத் தரத்திற்கு 10 என மீதியைப் பகிர்ந்தளிப்பர். தொண்ணூறைத் தாண்டினால் விலை ஏறும்.

இத்தீர்ப்பு எத்துணை உறுதியானது? 1976 மே 24-இல் பாரிஸில் புட்டிகளின் பெயரை மறைத்துப் பிரெஞ்சு நடுவர்களிடம் அளித்தபோது, கலிபோர்னிய இரசங்களே முதலிடம் பெற்றன. கலிபோர்னிய மாநிலப் பொருட்காட்சிப் போட்டியில், ஒரே புட்டியின் இரசத்தை நடுவர்கள் அறியாவண்ணம் மும்முறை வைத்துச் சோதித்தார் ராபர்ட் ஹாட்ஜ்சன். ஏறத்தாழப் பத்தில் ஒருவரே மும்முறையும் ஒத்த மதிப்பை அளித்தனர் என 2008-இல் வெளியிட்டார்.

கானாவூர்த் திருமணத்தில் பந்தி மேற்பார்வையாளரும் இரசம் வந்த வழி அறியாமலே சுவைத்து, நல்லதெனச் சொன்னார். நம் பீடத்தில் வைக்கும் இரசத்திற்கோ திருச்சபை மதிப்பெண் கேட்பதில்லை. திராட்சைக் கனியிலிருந்து பெற்றதாய், இயற்கையானதாய், கெடாததாய் இருத்தல் வேண்டும் என்பதே 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 924-ஆம் விதி.

இவற்றையெல்லாம் பேசிக்கொண்டிருந்தோம். “கணக்கு நாவின் சுவையன்றே, பிழை பிழைதானே?” என்றார் நண்பர். உண்மைதான். பிழையைத் திருத்தத்தான் வேண்டும். ஆயினும் அந்த எண் அன்றைய விடைத்தாளுக்கு உரியது, பிள்ளைக்கு உரியதன்று. அன்பு நிறைந்த பெற்றோரே, இவ்வேறுபாட்டை மறவாதிருப்போம்.

பேருந்து வந்தது. நண்பர் அவசரமாகத் திரும்பி, “அம்மா, ஒரு கிலோ நிறுத்துக் கொடுங்கள். பையனுக்கு இது மிகவும் பிடிக்கும்” என்றார்.