ஞாயிறு மதியம் அஸ்ஸாமியப் படம்

நார்வேயின் தேசியத் தொலைக்காட்சி என்ஆர்கே, 2013 பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு முழுக்க விறகைக் காட்டியது. வெட்டுவது, பிளப்பது, அடுக்குவது என்று நான்கு மணி நேரம் பேச்சு. அதன்பின் எட்டு மணி நேரம் கணப்பில் நெருப்பு எரிந்தது. நிகழ்ச்சி அவ்வளவுதான். விறகின் பட்டை மேலே பார்க்க இருக்க வேண்டுமா, கீழே பார்க்க இருக்க வேண்டுமா என்று நேயர்கள் குறுஞ்செய்தியில் சண்டைக்கே வந்துவிட்டார்கள்.

உலகப் பத்திரிகைகள் இதை வேடிக்கையாக எழுதின. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சின்னமனூர்ப் பக்கம் எண்பதுகளில் தூர்தர்ஷன் பார்த்து வளர்ந்தவனுக்கு மெதுவாக நகரும் நிகழ்ச்சி புதிதா என்ன?

எங்கள் பள்ளத்தாக்குக்கு மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலை. டிவி அலைக்கு இந்த மலைகளோடு ஒத்துப்போகாது. கொடைக்கானல் மலைமேல் ஒளிபரப்புக் கோபுரம் வந்த பிறகுதான் படம் தெளிந்தது. பிறகு தெருவில் ஒரு வீட்டு டிவி தெரு முழுவதற்கும் டிவி ஆனது. ஞாயிறு காலை ராமாயணம். இந்தியில் பேசினாலும் கதை தெரிந்ததுதானே, அப்பத்தா முன்கூட்டியே சொல்லிவிடுவாள். மதியம் காது கேளாதோருக்கான செய்தி. அது முடிந்ததும் மாநில மொழிப் படம். தமிழ்ப் படத்துக்கு முறை வரும் ஞாயிறை எண்ணிக் காத்திருப்போம். மற்ற ஞாயிறுகளில் அஸ்ஸாமியமோ ஒரியாவோ வங்காளமோ விருது வாங்கிய படம் ஒன்று ஓடும். ஒருவர் ஆற்றங்கரையில் நிற்பார், நின்றுகொண்டே இருப்பார். கீழே ஓடும் ஆங்கில எழுத்தை வாசிக்க அங்கே ஆளில்லை. ஆனாலும் யாரும் எழுந்து போக மாட்டார்கள். "அவன் பொண்டாட்டி செத்துட்டா, அதான் அப்படி நிக்கிறான்" என்பாள் அப்பத்தா. "இல்லத்தா, நெலத்தை வித்துட்டான்" என்பார் மாமா. பாதி நேரம் இரண்டுமே சரியாக இருந்தது. அஸ்ஸாமில் நெல் நாற்றை எப்படிப் பிடித்து நடுகிறார்கள் என்று எங்கள் தெருப் பெண்கள் பார்த்துக் குறை சொன்னது அந்தப் படங்களில்தான்.

வயலும் வாழ்வும் என்ற விவசாய நிகழ்ச்சியைச் சென்னைக்காரர்கள் கேலி செய்ததாகப் பின்னால் கேள்விப்பட்டேன். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் 14,707 ஏக்கர் இருபோகம் விளையும் பள்ளத்தாக்கில் அது கேலிக்குரியது அல்ல. புகையான் தாக்கிய வயலைக் காட்டினால் மாமா டிவி பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வார். அதிகாரி ஏட்டுத் தமிழில் பேசினாலும் பூச்சி எங்கள் ஊர்ப் பூச்சிதான். எட்டே முக்கால் வாக்கில் இந்திச் செய்தி தொடங்கும். "டெல்லிக்காரன் வந்துட்டான்" என்று சொல்லிப் பெட்டியை அணைப்பார்.

இப்போது நான் இருப்பது ஆஸ்லோவின் குரூருட் பள்ளத்தாக்கில். தமிழர்கள் நிறைந்த பகுதி, பெரும்பாலும் ஈழத்தவர்கள். பக்கத்து வீட்டு அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர். "நாங்கள் சின்னனில உங்கட தூரதர்ஷன்தான் பார்த்தனாங்கள்" என்றார் ஒருநாள். உயர்ந்த கம்பத்தில் ஆன்டெனா கட்டி வெள்ளிக்கிழமை ஒலியும் ஒளியும் பார்த்திருக்கிறார்கள். அதே நேரத்தில் தென் தமிழ்நாட்டுக் கடற்கரை ஊர்களில் ஆன்டெனாவை இலங்கைப் பக்கம் திருப்பி, 1982இல் தொடங்கிய ரூபவாகினியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் எங்கள் சொந்தக்காரர்கள். வெள்ளிக்கிழமைப் பாட்டு விஷயத்தில் அண்ணைக்கும் எனக்கும் ஒரே ஊர்.

என்ஆர்கே 1960இல் முறையாகத் தொடங்கியது. அதற்கும் மலையும் கடல் புகுந்த பள்ளமும்தான் எதிரி. மாலை ஆறு மணிக்குக் குழந்தைகள் நிகழ்ச்சி, ஏழுக்குச் செய்தி. சாமி பழங்குடியினரின் மொழியில் தனிச் செய்தி உண்டு. நார்வேஜிய மொழிக்கு இரண்டு எழுத்து வழக்குகள். அவற்றில் சிறுபான்மை வழக்குக்கு நிகழ்ச்சிகளில் கால்பங்காவது தர வேண்டும் என்பது விதி. இதைப் படித்தபோது மாமா பெட்டியை அணைத்த நேரம்தான் மனதில் வந்தது.

மே 17, நார்வேயின் அரசியல் சட்ட நாள். 1814இன் நினைவு. அன்று காலையிலிருந்து என்ஆர்கேயில் ஊர் ஊராகப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஊர்வலம். கொடியும் பேண்டு வாத்தியமும் ஐஸ்கிரீம் வழிந்த சட்டையும்தான் காட்சி. ராஜா குடும்பத்தார் மாடத்தில் நின்று கை வலிக்கக் கை அசைப்பார்கள். ஜனவரி 26இல் பீரங்கியும் ஏவுகணையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு முதலில் ஏமாற்றமாக இருந்தது. இப்போது எங்கள் வீட்டில் மதியம்வரை அது ஓடுகிறது. எல்லா ஊரும் ஒரே மாதிரி நடந்துபோவதை மணிக்கணக்காகக் காட்ட ஒரு தேசத்துக்குத் தெம்பு வேண்டும். விளம்பரத்தை நம்பும் சேனலால் முடியாது. என்ஆர்கே முன்பு உரிமக் கட்டணத்தில் ஓடியது. 2020 முதல் என் வரிப் பணத்தில் ஓடுகிறது. அஸ்ஸாமியப் படத்தை எங்கள் தெருவுக்கு அனுப்பியதும் அப்படிப்பட்ட ஒரு தெம்புதான். அதைத் தூர்தர்ஷன் பிறகு எங்கோ தொலைத்துவிட்டது என்பது என் கட்சி.

இந்த மெதுவான நிகழ்ச்சிகளுக்கெல்லாம் மூத்தது 2009 நவம்பரில் வந்த ரயில். பெர்கன் பாதைக்கு நூறு வயது நிறைந்ததற்காக, பெர்கனிலிருந்து ஆஸ்லோ வரை ஏழு மணி நேரப் பயணத்தை அப்படியே காட்டினார்கள். மறுஒளிபரப்பை நான் பார்த்தபோது எங்கள் மதுரை–போடி மீட்டர்கேஜ் பாதை அகலப்பாதைக்காகப் பெயர்க்கப்பட்டுக் கிடந்தது. போனில் மாமாவிடம் சொன்னேன். "ஓடுற ரயிலைக் காட்டுறானா? இங்க ரயிலே இல்லடா, அதை வந்து காட்டச் சொல்லு" என்றார்.

2022இல் தேனிக்கும் 2023இல் போடிக்கும் ரயில் திரும்ப வந்துவிட்டது. பொதிகையாக இருந்த சேனல் 2024 ஜனவரியில் டிடி தமிழ் ஆகியிருக்கிறது. எஞ்சின் முகப்பில் ஒரு கேமராவைக் கட்டி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய், தேனி என்று போடிவரை வெட்டாமல் காட்டலாம். என்ஆர்கேயின் ஏழு மணி நேரம்கூடத் தேவைப்படாது. இந்த யோசனையை மாமாவிடம் சொன்னதற்கு, "கணவாய் வரும்போது விளம்பரம் போடாம இருப்பானா?" என்று கேட்டார்.