அஷ்டமி வரை காத்திருக்கும் மலர்

நூற்றெட்டுத் திவ்ய தேசங்களுள் ஒன்றான திருவதரியாசிரமத்துக்கு, அதாவது பத்ரிநாத்துக்குச் செல்லும் அன்பர்கள், ஜோசிமடத்தைக் கடந்ததும் கோவிந்தகாட் என்னும் சிற்றூரைக் காண்பார்கள். பத்ரி நாராயணரின் சந்நிதி அங்கிருந்து சுமார் 25 கிலோமீட்டர். அந்த ஊரில் அலகநந்தாவின் மறுகரைக்குச் சென்று மலையேறினால், கங்காரியா வழியாக மலர்ப் பள்ளத்தாக்கை அடையலாம். சென்ற ஆடி மாதம் அடியேனும் என் துணைவியாரும் பெருமாளைச் சேவிக்கும் முன் அங்கே சென்று வந்தோம்.

புஷ்பாவதி நதி பாயும் அந்தப் பள்ளத்தாக்கில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தாவர வகைகள் உண்டு. நீலம், மஞ்சள், இளஞ்சிவப்பு என மலைச்சரிவு முழுவதும் ஒரு பூந்தட்டைச் சாய்த்து வைத்தாற்போல் இருந்தது. 1931-இல் காமெட் சிகரத்தில் ஏறித் திரும்பிய ஃபிராங்க் ஸ்மித் என்ற ஆங்கிலேயர் தற்செயலாக இவ்விடத்தைக் கண்டார். 1937-இல் மீண்டும் வந்து தங்கி, மறு ஆண்டு இதைப் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். ஆனால் சுற்று வட்டார மக்களுக்கு இது புதிய இடமன்று. அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கோடையில் ஆடு மாடுகளை இங்கே ஓட்டி வந்தவர்கள்.

1982-இல் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டு, மேய்ச்சல் நிறுத்தப்பட்டது. 2005-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம்பெற்றது. ஆட்டு மந்தைகள் போய்விட்டால் பூக்கள் மேலும் பெருகும் என்றுதானே எவரும் எண்ணுவோம்? ஆனால் ஆள் உயரத்துக்கு வளரும் பாலிகோனம் என்ற செடி பல இடங்களில் அடர்ந்து பரவி, அதன் நிழலில் சிறு மலர்ச் செடிகள் ஒடுங்கத் தொடங்கின. மேய்ச்சல் நின்றதே காரணம் என்பர் சிலர். பனிச்சரிவாலும் பழைய முகாம்களாலும் குலைந்த நிலத்தில்தான் அது பரவுகிறது என்பர் வேறு சிலர். எப்படியாயினும், வனத்துறையினர் ஆண்டுதோறும் அதைக் கையால் பிடுங்க வேண்டியிருக்கிறது. நாங்கள் சென்ற அன்றும் சிலர் மழையில் நனைந்தபடி, குனிந்த தலை நிமிராமல் அந்தப் பணியைச் செய்துகொண்டிருந்தார்கள்.

ஸ்மித்தின் தாய்நாட்டிலும் இத்தகைய பூம்புல்வெளிகள் இருந்தன. அங்கே உழவர்கள் பூத்து விதை உதிரும் வரை பொறுத்திருந்து, நீண்ட பிடியுள்ள பெரிய அரிவாளை நின்றவாறே வீசிப் புல்லை அறுப்பார்கள். உலர்ந்த புல்லை அகற்றிய பின் கால்நடைகளை மேய விடுவார்கள். புல்லை அகற்றுவதால் நிலத்தில் உரம் மிகுவதில்லை. முரட்டுப் புல் மேலோங்காமல் மென்மையான மலர்ச்செடிகள் பிழைக்கும். இந்த வழக்கம் அருகிப் போய், நிலங்கள் உழப்பட்டும் உரமிடப்பட்டும் மாறியதில், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1930-களுக்குப் பின் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்கு பூம்புல்வெளிகள் மறைந்துவிட்டன. கட்வால் மலைப் பெண்களும் குளிர்காலத் தீவனத்துக்கான புல்லை, மழை ஓய்ந்து அது முற்றிய பிறகே அரிவாளால் அறுத்துச் சேர்க்கிறார்கள்.

மறுநாள் ஹேமகுண்டம் சென்றோம். 4,300 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் உள்ள அந்த ஏரிக்கரையில், சீக்கியர்களின் குருத்வாராவும், லட்சுமணர் தவம் புரிந்ததாக ஐதிகம் உள்ள கோயிலும் அருகருகே உள்ளன. ஏறும் வழியில் பாறையிடுக்கில் பிரம்ம கமலம் பூத்திருந்தது. நாற்பது ஆண்டுகளாக விடியற்காலையில் பூப்பறித்துப் பூஜை செய்யும் என் துணைவியாரின் கை, தன்னையறியாமல் அதை நோக்கி நீண்டது. கோவேறு கழுதையைப் பிடித்து வந்த முதியவர் பதறினார். "மாதாஜி, இப்போது வேண்டாம். நந்தாஷ்டமி இன்னும் வரவில்லை" என்றார்.

ஆவணி, புரட்டாசியில் வரும் பாத்ரபத வளர்பிறை அஷ்டமியே நந்தாஷ்டமி. அதற்கு முன் பிரம்ம கமலத்தைப் பறிப்பது நந்தா தேவிக்கு உகந்ததன்று என்பது இம்மலை மக்களின் நம்பிக்கை. அந்நாளை ஒட்டி ஊரார் விரதமிருந்து, வெறுங்காலுடன் மலையேறிப் பூக்கொய்து வந்து தேவிக்குச் சாற்றுகிறார்கள். அதற்குள் செடிக்கு விதை முற்ற அவகாசம் கிடைத்துவிடுகிறது. அங்கே உழவர் கண்ட நெறியை இங்கே தெய்வத்தின் திருநாள் காத்து நிற்கிறது.

என் துணைவியார் கையை இழுத்துக்கொண்டு சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "இத்தனை வருஷம் பூப்பறிச்சேன், ஒரு நாளாவது செடிக்கு எப்போது சௌகரியம்னு கேட்டதில்லையே" என்றார்.

பத்ரியைப் பாடிய பெரியாழ்வார் வில்லிபுத்தூரில் நந்தவனம் அமைத்தவர். களை பறிப்பதும், நீர் வார்ப்பதும், உரிய வேளையில் பூக்கொய்வதும் அவருக்குக் கைங்கரியம். மலர்ப் பள்ளத்தாக்கில் களை பிடுங்கிய அந்தக் கைகளையும், பதறித் தடுத்த அந்த முதியவரின் கையையும் நினைக்கையில், அதே தொண்டின் அங்கங்களாகவே அவை தோன்றின. பத்ரியில் பிரம்ம கமலம் இல்லாமலே, வாங்கிய துளசி மாலையைச் சமர்ப்பித்து மனநிறைவுடன் சேவித்தோம்.

செல்ல விரும்பும் அன்பர்களுக்கு: பள்ளத்தாக்கு ஜூன் முதல் அக்டோபர் வரை திறந்திருக்கும், ஜூலை, ஆகஸ்டில் பூக்கள் மிகுதி, மழையும் மிகுதி. இரவு தங்குவது கங்காரியாவில் மட்டுமே. ஹேமகுண்டம் வரை கோவேறு கழுதைகள் உண்டு; பள்ளத்தாக்கினுள் அவற்றுக்கு அனுமதியில்லை, நடக்க இயலாதவர்களைக் கூடையில் வைத்துச் சுமந்து செல்வோர் இருக்கிறார்கள். இதய நோயும் மூச்சுத் திணறலும் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே புறப்பட வேண்டும்.

ஊர் திரும்பிய பின் எங்கள் வீட்டுச் சங்குபுஷ்பக் கொடியில் தினமும் சில பூக்கள் பறிக்கப்படாமல் நிற்கின்றன. காரணம் கேட்டேன். "அதுவும் அவனுக்குத்தான், விதையாகட்டும்" என்றார் என் துணைவியார்.