தோட்டக்காரரின் கணக்கு

சௌமியமூர்த்தி தொண்டமானைத் தொழிலாளர் தலைவர் என்று எழுதுவதா, தோட்ட முதலாளி என்று எழுதுவதா என்று எங்கள் ஆசிரியபீடத்தில் ஒரு காலத்தில் வாதப் பிரதிவாதங்கள் நடந்ததுண்டு. நான் அப்போது 'முதலாளி' அணியைச் சேர்ந்தவன். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து பத்திரிகைத் தொழிலில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. எதற்கும் உடனே தீர்ப்பெழுதிவிடும் வயது.

1978 செப்டெம்பரில் தொண்டமான், ஜே.ஆர். ஜெயவர்தனாவின் அமைச்சரவையில் கிராமியக் கைத்தொழில் அபிவிருத்தி அமைச்சராகப் பொறுப்பேற்றபோது ஒரு கட்டுரை எழுதினேன். தேயிலை விற்கத் தெரிந்தவர் வாக்குகளையும் விற்கக் கற்றுக்கொண்டார் என்பதே அதன் சாரம். வடக்கிலிருந்து பாராட்டுக் கடிதங்கள் வந்தன. மலையகத்திலிருந்து வந்தது ஒரேயொரு தபாலட்டை. "ஐயா, நீங்கள் எப்போதாவது ஒரு லயத்துக்குள் வந்து இருந்திருக்கிறீர்களா?" என்று மட்டும் அதில் எழுதியிருந்தது. நான் இருந்ததில்லை. நுவரெலியாவுக்கு உல்லாசப் பயணம் போனபோது ரயில் ஜன்னலால் பார்த்ததோடு சரி.

அவரது கதை வாசகர்கள் பலர் அறிந்ததுதான். தமிழகத்தின் முனப்புதூரில் 1913 ஆகஸ்ட் 30ஆம் திகதி பிறந்தவர். அவருடைய தந்தை கருப்பையா கூலி வேலை தேடி இலங்கைக்கு வந்து, கங்காணியாகி, தலைக்கங்காணியாகி, இறுதியில் றம்பொடையிலுள்ள வெவண்டன் தோட்டத்தையே விலைக்கு வாங்கியவர். துரைமார் கையிலிருந்த மலையில் ஒரு கறுப்பு மனிதர் தோட்டச் சொந்தக்காரரானது அக்காலத்தில் சிறிய காரியமன்று. மகன் 1924இல் இங்கு வந்து, கம்பளை சென். அன்றூஸ் கல்லூரியில் படித்து, பின்னர் தோட்டத்தின் பொறுப்பை ஏற்றார். கொழுந்து, கூலி, செலவு, விலை என்று கணக்குப் பார்த்துப் பழகிய கை அது.

1939இல் நேருவின் வருகையையொட்டி இலங்கை இந்தியர் காங்கிரஸ் அமைந்தபோது கம்பளையில் அதன் பணிகளில் இறங்கினார். மறு ஆண்டு ஜனவரியில் முல்லோயா தோட்டப் போராட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். அந்த ஆண்டில்தான் காங்கிரஸின் தொழிற்சங்கம் தோன்றியது. தோட்ட முதலாளி ஒருவர் தோட்டத் தொழிலாளர்களின் தலைவராக உயர்ந்த விசித்திரம் இங்கே தொடங்குகிறது. 1947 பொதுத்தேர்தலில் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. நுவரெலியாவின் பிரதிநிதி தொண்டமான்.

அதற்குப் பின்னர் நடந்ததை நாடறியும். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்த சட்டங்களும் மலையக மக்களை நாடற்றவர்களாகவும் வாக்கற்றவர்களாகவும் ஆக்கின. 1952 தேர்தலில் அவர்களுக்குப் பிரதிநிதியே இல்லை. அவ்வாண்டு நடந்த சத்தியாக்கிரகமும் பலன் தரவில்லை. இந்த இடத்தில் காங்கிரஸ் இழைத்த தவறொன்றையும் சொல்லவேண்டும். 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்க வேண்டாம் என்று முதலில் சொன்னார்கள். காலம் முடியும் தறுவாயில், விண்ணப்பியுங்கள் என்றார்கள். ஏறத்தாழ எட்டு இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. பிரஜாவுரிமை கிடைத்தது சுமார் 134,000 பேருக்கு. அவ்வளவு பேர் நிராகரிக்கப்பட்டதற்கு அரசாங்கத்தின் கெடுபிடியே முதற்காரணம். ஆனால் கையிலிருந்த நாட்களை வீணாக்கியதற்கு அரசாங்கத்தை நோக முடியாது.

அப்புறம் 1964 ஒக்டோபர் 30. சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிகுதி 150,000 பேர் பிறகு பார்க்கலாம். சாக்குக் கணக்குப் பார்ப்பதுபோல மனிதரைப் பங்கிட்டார்கள். பங்கிடப்பட்டவர்களை எவரும் கேட்கவில்லை.

1972இல் தமிழர் கூட்டணி உருவானபோது செல்வநாயகத்துடனும் ஜீ.ஜீ. பொன்னம்பலத்துடனும் தொண்டமானும் தலைமையில் இருந்தார். 1976இல் வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம் நிறைவேறியதும் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் விலகிக்கொண்டது. எங்கள் பகுதியில் அதற்குத் துரோகம் என்று பெயர் சூட்டினோம். கேட்கப்படும் நாட்டின் எல்லைக்குள் மலையகம் இல்லை, அந்தச் சனம் சிங்கள ஊர்களின் நடுவே வாழ்கிறது என்பதை எங்களில் எத்தனை பேர் நின்று யோசித்தோம்?

இன்னொன்றையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். அந்நாட்களில் யாழ்ப்பாணத்து வீடுகள் பலவற்றில் மலைநாட்டுப் பிள்ளைகள் வேலைக்கு நின்றார்கள். எங்கள் வீட்டிலும் ஒரு பையன் நின்றான். கிணற்றில் தண்ணீர் அள்ளினான், மாட்டுக்குப் புல்லுப் போட்டான். நான் பாடசாலைக்குப் போகும்போது படலையைத் திறந்துவிட்டான். அவனது தோட்டத்தின் பெயரை நான் ஒருநாளும் கேட்டதில்லை. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்த நான்தான், மலையகத்தின் வாக்கை விற்றுவிட்டார் என்று தொண்டமானைப் பற்றிக் கட்டுரை எழுதினேன்.

1977 தேர்தலில் நுவரெலியா - மஸ்கெலியா தொகுதியின் மூன்றாவது உறுப்பினராக அவர் தெரிவானார். வாக்காளரால் தெரிவுசெய்யப்பட்டுப் பாராளுமன்றம் செல்ல அவருக்கு முப்பது ஆண்டுகள் பிடித்திருந்தன. இடையில் 1960இலும் 1965இலும் நியமன உறுப்பினராக இருந்தார், முதலில் ஸ்ரீமாவோவின் தயவில், பின்னர் டட்லியின் தயவில். ஆட்சிக்கு யார் வந்தாலும் பேசக்கூடிய இடத்தில் இருக்கவேண்டும் என்பதே அவரது வழி. கொள்கைப்பற்றுள்ளவர்கள் முகம் சுளித்தார்கள். நானும் சுளித்தேன்.

1986 ஜனவரியில் ஆசிரியர் என்னை ஹற்றனுக்கு அனுப்பினார். தைப்பொங்கல் நாளில் தொடங்கி, தோட்டங்களில் காலை வேளையில் வேலைக்கிறங்காமல் பிரார்த்தனை செய்யவேண்டும் என்று தொண்டமான் அறிவித்திருந்தார். வேலைநிறுத்தம் என்று பெயர் இல்லை. சாமி கும்பிடுவதை எந்தச் சட்டத்தால் தடுப்பது? அமைச்சராக இருந்துகொண்டே தமது அரசாங்கத்துக்கு எதிராக அவர் இதைச் செய்தார்.

நான் போன தோட்டத்தில் பெரட்டுக்களம் வெறுமையாகக் கிடந்தது. மாரியம்மன் கோயில் முன்றலில் பெண்கள் கொழுந்துக் கூடைகள் இல்லாமல் அமர்ந்திருந்தார்கள். தூரத்தில் துரையின் ஜீப் வந்து, நின்று, திரும்பிப் போனது. முதியவர் ஒருவர் என்னைத் தமது லயத்துக்கு அழைத்துச் சென்று பால் இல்லாத தேநீர் தந்தார். தபாலட்டைக்காரர் கேட்டபடி ஒரு லயத்துக்குள் நான் இருந்தது அன்றுதான். முதியவர் தகரப் பெட்டியைத் திறந்து, மெழுகுத்தாளில் சுற்றிய காகிதமொன்றை எடுத்தார். அவரது தகப்பனார் 1951இல் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்த பற்றுச்சீட்டு. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தது. இந்தியாவுக்கும் அவர்கள் விண்ணப்பிக்கவில்லை.

படித்த திமிரில், உங்கள் தலைவரே ஒரு முதலாளிதானே என்று கேட்டேன். அவர் கோபிக்கவில்லை.

"ஆமாங்க, மொதலாளிதான். அதனாலதான் அவருக்குத் தெரியும், இந்த மாசத்துக் கொழுந்து என்ன வெல போகும்னு" என்றார்.

திரும்பி வரும் வழியெல்லாம் அந்தப் பதில் என்னோடு வந்தது. ஜனவரி முதல் மார்ச் வரை மேற்கு மலைச்சரிவுகளில் வரட்சியும் குளிர்காற்றும் சேரும் காலம். திம்புளைப் பகுதித் தேயிலையின் சிறந்த தரம் அப்போதுதான். உரிய நாளில் கிள்ளாத கொழுந்து முற்றிவிடும். 1984இல் நடந்த தோட்ட வேலைநிறுத்தமும் உலகச் சந்தையில் தேயிலை விலை உச்சத்தில் இருந்தபோதே வந்தது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் சமசம்பளம் அப்போதுதான் கிடைத்தது. அவர் நாள் பார்த்தே செய்தார் என்பதற்கு என்னிடம் சான்றில்லை. ஆனால் தோட்டக் கணக்கு எழுதிப் பழகியவருக்கு இது தற்செயலாக அமைந்தது என்று நம்ப என்னால் முடியவில்லை. பிரார்த்தனை தொடங்கிச் சில நாட்களிலேயே அரசாங்கம் இறங்கி வந்தது. அவ்வாண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் 94,000 பேருக்குப் பிரஜாவுரிமை வழங்க வழிசெய்தது. 1988இல் மற்றொரு சட்டம் வந்தது. எஞ்சியிருந்தோர்க்கான சட்டம், அவர் மறைந்த பின்னர், 2003இல் நிறைவேறியது.

இதையெல்லாம் சொல்வதால் அவரைக் கோயிலில் வைக்கவேண்டும் என்று நான் சொல்வதாக எண்ணவேண்டாம். 1983 ஜூலைக்குப் பின்னரும் அவர் அமைச்சரவையிலேயே இருந்ததை என்னால் இன்றும் எளிதாகச் செரிக்க முடியவில்லை. விலகியிருந்தால் 1986இல் யார் பேசியிருப்பார் என்று கேட்பவர்களுக்கும் என்னிடம் மறுமொழி இல்லை. சங்கத்தையும் அவர் ஒரு தோட்டத்தைப் போலவே நடத்தினார். தலைமை பேரனுக்குப் போனது. ஆறுமுகன் தொண்டமான் 2020இல் மறைந்தபோது அது அடுத்த தலைமுறைக்குப் போனது. தொழிலாளிக்காகத் துரையிடம் பேசும் கங்காணிக்குத் தலைக்கு இவ்வளவு என்று கிடைத்த முறைமையின் சாயல் தொழிற்சங்கச் சந்தாவிலும் இருந்தது என்று விமர்சித்தவர்களை நான் மறுக்கமாட்டேன். லயங்களும் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன.

1999 ஒக்டோபர் 30ஆம் திகதி அவர் காலமானார். சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகிச் சரியாக 35 ஆண்டுகள். அப்போதும் அவர் அமைச்சர். ஜே.ஆர்., பிரேமதாஸ, விஜேதுங்க, சந்திரிகா என நான்கு ஜனாதிபதிகளின் கீழ் அமைச்சராக இருந்தவர். இரங்கற் கட்டுரையை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. பழைய பிரதிகளைத் தேடியபோது என் 1978ஆம் ஆண்டுக் கட்டுரை அகப்பட்டது. அதற்குள் செருகப்பட்டிருந்த அந்தத் தபாலட்டையும் இருந்தது. அனுப்பியவரின் பெயர் அழிந்துவிட்டது, தோட்டத்தின் முத்திரை மட்டும் தெரிந்தது.

இரங்கற் கட்டுரையில் அவரை முதலாளி என்று ஒருமுறையும், தலைவர் என்று பலமுறையும் எழுதினேன். ஆசிரியர் முதலாவதை வெட்டிவிட்டார். திரும்பச் சேர்க்கும்படி நானே அச்சகத்துக்கு இறங்கிப் போய்ச் சொன்னேன்.